பனிக் கடலின் அடித்தளத்தில்

வட துருவத்தை அடுத்த சுவால்பார்டு தீவுகளில், பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து நிற்கிறது. இத்தகைய நீர்நிலைகளை ஃபியார்டு என்பர். அவற்றுள் ஒன்றான கோங்ஸ்ஃபியார்டன் சுமார் 20 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் கரையில் 2008ஆம் ஆண்டில் நம் நாடு 'ஹிமாத்ரி' என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. 2014இல், 192 மீட்டர் ஆழமுள்ள ஓரிடத்தில் கடலை அளக்கும் கருவிகளையும் நங்கூரமிட்டு நிறுத்தியது. அத்தகைய கடலடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் குன்னத்தூரில் சித்திரை மாதத்தில் விரைவில் பொங்கிவிடும் தோசை மாவு, மார்கழிக் குளிரில் புளிக்க நெடுநேரமாகும். உஷ்ணமே அதற்குக் காரணம். அந்தக் கடலடியிலும் அப்படித்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் குளிர்தான். உஷ்ணம் சில டிகிரிகளுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. அவ்வுயிர்கள் அக்குளிருக்கே பழகியவை. பருவத்தோடு பெரிதும் மாறுவது அவற்றின் உணவு. நூல் வந்தால் ஓடி, வராவிடில் ஓய்ந்து நிற்கும் நம் வட்டாரத்துப் பின்னல் எந்திரங்களை அவற்றுக்கு உவமை சொல்வேன்.

அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. ஒளி திரும்பிய பின், ஏப்ரல், மே மாதங்களில் மேல்நீரில் நுண்பாசிகள் பெருகுகின்றன. பிறகு மடிந்து அடியில் விழுகின்றன. அதுவே விருந்து. சேற்றின் மேலடுக்கில் பிராணவாயுவைக் கொண்டு அவை சிதைக்கப்படுகின்றன. சற்றுக் கீழே அவ்வாயு தீர்ந்துபோக, சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியங்கள் வேலையை ஏற்கின்றன. கோடையிலோ, உருகும் பனியாறு வண்டலைக் கொண்டுவந்து நீரைக் கலக்கி ஒளியை மறைக்கிறது. தன் முகப்பருகே அடித்தளத்தை மண்ணால் மூடியும் விடுகிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. மேல்நீரில் பருவத்துக்குப் பருவம் நுண்ணுயிர் இனங்களே மாறுகின்றன. சுவால்பார்டின் கரையோர மணலடியிலோ அதே இனங்கள் ஏறக்குறைய அதே அளவில் ஆண்டு முழுவதும் இருக்கக் கண்டனர். பசித்திருந்தும் கலையாத கூட்டம்!

மடிந்த பாசியிலுள்ள கரி சேற்றில் புதையுமா, கரியமிலவாயுவாகி நீருக்குத் திரும்புமா என்பது பெரும்பாலும் இவற்றின் செயலைப் பொறுத்தது. பனியாறுகள் பின்வாங்கி நிலத்துக்குள் ஒதுங்கினால், வண்டலின் அளவும் அது படியும் இடமும் மாறும், அக்கணக்கும் மாறும். கோடையில் மட்டும் சேற்றை அள்ளிப் பார்ப்பது, பொங்கலன்று ஒரு வீட்டுக்குச் சென்று அதன் அன்றாடச் சாப்பாட்டை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். நம் நாட்டின் முதல் குளிர்காலக் குழு 2023 டிசம்பரில்தான் ஹிமாத்ரிக்குப் புறப்பட்டது.