பத்துக் குறியீடுகள் (காவல்துறை)

பத்துக் குறியீடுகள் என்பவை ஐக்கிய அமெரிக்கக் காவல்துறையினர் வானொலிவழி உரையாடலில் முழுச் சொற்றொடர்களுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் எண்கள் ஆகும். இவை ஒவ்வொன்றும் பத்து என்னும் எண்ணுடன் தொடங்கும். எடுத்துக்காட்டாக, 10-4 என்பது "செய்தி கிடைத்தது" எனப் பொருள்படும். தொடர்பாடலில் இருந்த தடையொன்றை நீக்க உருவான இம்முறை, பிற்காலத்தில் தானே ஒரு தடையாகவும் மாறியது.

தோற்றம்

1928 ஆம் ஆண்டில் டெட்ராயிட் நகரக் காவல்துறை, சுற்றுக்காவல் வண்டிகளுக்கு வானொலி மூலம் செய்தி அனுப்பத் தொடங்கியது. வண்டியில் இருந்தோர் கேட்க மட்டுமே முடிந்தது. மறுமொழி கூற இயலவில்லை. 1930களில் இருவழி வானொலி பரவியது. அலைவரிசைகள் குறைவாக இருந்தமையால் பேச்சைச் சுருக்க வேண்டியதாயிற்று. இல்லினாய் மாநிலக் காவல்துறையின் தொடர்பாடல் இயக்குநரான சார்லசு ஹாப்பர் 1937 ஆம் ஆண்டளவில் இக்குறியீடுகளை உருவாக்கினார்.

அக்கால வானொலிக் கருவியில், பொத்தானை அழுத்திய பின்னர் மின்னியற்றி முழு வேகம் பெறச் சிறிது நேரம் பிடிக்கும். இதனால் பேச்சின் முதல் அசை கேட்காமல் போகும். முதலில் "பத்து" என்று கூறினால், அது கேட்காவிடினும் அடுத்து வரும் எண் தெளிவாகக் கேட்கும்.

பொருள் வேறுபாடு

காலப்போக்கில் ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கேற்ப எண்களின் பொருளை மாற்றிக்கொண்டது. பொதுப் பட்டியலில் 10-13 என்பது வானிலை, சாலை நிலை பற்றியதாகும். நியூ யார்க் நகரக் காவல்துறையிலோ அது "காவலருக்கு உடனடி உதவி தேவை" என்பதாகும். இரு ஊர்க் காவலர்கள் ஒரே நிகழ்வில் பணியாற்றும்போது இத்தகைய வேறுபாடு உயிருக்கே ஆபத்தாகலாம்.

குறியீடுகளைப் போலவே கருவிகளும் துறைகளைப் பிரித்தன. செப்டம்பர் 11, 2001 அன்று நியூ யார்க் காவல்துறையின் உலங்கு வானூர்தியில் இருந்தோர், உலக வணிக மையத்தின் வடக்குக் கோபுரம் நெடுநேரம் நிற்காது என வானொலியில் எச்சரித்தனர். தீயணைப்புத் துறை வேறு வானொலி அமைப்பைப் பயன்படுத்தியமையால், கோபுரத்தினுள் இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அவ்வெச்சரிக்கை நேரடியாக எட்டவில்லை. அன்று 343 தீயணைப்புத் துறையினர் உயிரிழந்தனர்.

தீர்வுகள்

* எளிய மொழி: பல துறைகள் இணைந்து செயற்படும் நிகழ்வுகளில் குறியீடுகளைத் தவிர்த்து, எளிய மொழியிலேயே பேசவேண்டும் என்பதை 2006 ஆம் நிதியாண்டு முதல் ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசு தன் நிதியுதவிக்கு நிபந்தனையாக்கியது.
* பொது வலையமைப்பு: காவல், தீயணைப்பு, மருத்துவ உதவித் துறைகளுக்குப் பொதுவான ஃபர்ஸ்ட்நெட் வலையமைப்பை உருவாக்க 2012 இல் சட்டம் இயற்றப்பட்டது.
* திருப்பிக் கூறல்: கட்டளையைக் கேட்டவர் அதைத் திருப்பிக் கூறுவதால், தவறாக விளங்கிக்கொண்டது உடனே வெளிப்படும்.

இன்றைய நிலை

பல காவல்துறைகள் தம் அன்றாடப் பணியில் இக்குறியீடுகளை இன்றும் பயன்படுத்துகின்றன. அவை சுருக்கமானவை; அருகில் நிற்கும் ஐயத்துக்குரியவருக்கு எளிதில் விளங்காதவை. ஆயினும் அருகில் நிற்பவர் பிற துறையைச் சேர்ந்த உதவியாளராயின், அதே மறைபொருள் அவரையும் விலக்கிவிடும். ஆகவே கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே குறியீட்டின் பயன் அமைகிறது.