ஏழு நொடி தெரியும் சீட்டு

வாக்குச்சாவடியில் பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் விளக்கு எரிகிறது. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான ஒரு சிறு சீட்டு ஏழு நொடி தெரிகிறது. பிறகு அறுந்து பெட்டிக்குள் விழுகிறது. நாம் வெளியே வந்து, மை வைத்த விரலைப் படமெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தச் சீட்டு என்ன ஆகிறது?

பெரும்பாலான சீட்டுகளை யாரும் எண்ணுவதில்லை. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை மட்டும் எண்ணி, இயந்திரம் சொன்ன கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். மற்றவை உறையில் போட்டு முத்திரை வைத்துப் பாதுகாக்கப்படுகின்றன.

தேர்தல் முடிவு வந்த மறுநாள் ஊரில் இரண்டு பேச்சு கேட்கும். "மிஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க. சோர்ஸ் கோடை வெளியிடச் சொல்லு, தெரிஞ்சுபோகும்" என்பது ஒன்று. "அதுல இன்டர்நெட்டே கிடையாதே, எப்படி ஹேக் பண்ணுவாங்க?" என்பது மற்றொன்று. எதை யார் சொல்கிறார்கள் என்பது யார் ஜெயித்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். இரண்டிலுமே பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி அந்தச் சீட்டில் இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன?

நாம் பொத்தானை அழுத்துவது ஒரு பெட்டி. சீட்டு அச்சாவது இன்னொரு பெட்டி. விவிபேட் என்று சொல்வது இதைத்தான். வாக்கைச் சேமித்து வைப்பது மூன்றாவது பெட்டி, கட்டுப்பாட்டு இயந்திரம். அது அதிகாரியின் மேசையில் இருக்கும்.

கட்டுப்பாட்டு இயந்திரத்துக்கு எந்தக் கட்சியையும் தெரியாது. 'ஏழாம் பொத்தான் 412 முறை' என்றுதான் அது கணக்கு வைக்கிறது. ஏழாம் பொத்தான் யாருடையது என்பது வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகே தெரியும். தொகுதிக்குத் தொகுதி அது மாறும். சிப் தயாரிக்கும் நாளில் எந்தப் பொத்தானுக்குச் சாதகமாக நிரல் எழுதுவது என்று எவருக்கும் தெரிய வழியில்லை. தேர்தல் ஆணையத்தின் வாதங்களில் வலுவானது இது.

ஆனால் சீட்டில் பெயரையும் சின்னத்தையும் அச்சிட வேண்டுமானால் விவிபேட்டுக்கு அவை தெரிந்தாக வேண்டும். அதனால் தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஒரு தனிக் கருவி வழியாக அவற்றை ஏற்றுகிறார்கள். 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தக் கருவியையும் கவனித்தது. முடிவு வந்த பிறகு 45 நாள் அதையும் முத்திரையிட்டு வைக்கச் சொன்னது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் பணம் கட்டினால், சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைச் சோதிக்கவும் வழி செய்தது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை.

இன்டர்நெட் இல்லை என்பதும் சரியான பேச்சுதான். வீட்டில் உட்கார்ந்தபடி ஒருவர் லட்சம் இயந்திரங்களைத் தொட முடியாது. ஆனால் 2010இல் ஆய்வாளர்கள் சிலர் இந்திய இயந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் எண்காட்டும் பலகையை மாற்றிப் பொருத்தினால் பொய்க் கணக்குக் காட்ட வைக்கலாம் என்று செய்து காட்டினார்கள். அது சீட்டு வருவதற்கு முந்தைய காலத்து இயந்திரம். இணைப்பு இல்லாவிட்டால் மோசடி கடினமாகும், ஆள்பலம் அதிகம் வேண்டியிருக்கும். முடியவே முடியாது என்று ஆகிவிடாது.

செய்முறையும் மாவும்

சரி, மூலநிரலை வெளியிட்டால்?

மூலநிரல் என்பது மனிதர் படிக்கும்படி எழுதப்பட்ட செய்முறை. அதை அரைத்து, இயந்திரத்துக்கு மட்டும் புரியும் எண்களாக்கிச் சிப்பில் ஏற்றுகிறார்கள். அரைத்த மாவைப் பார்த்து எத்தனை பங்கு அரிசி, எத்தனை பங்கு உளுந்து என்று துல்லியமாகச் சொல்வது கடினம். செய்முறைத் தாள் கையில் இருந்தால் எளிது. அதனால்தான் தாளைக் கேட்கிறார்கள்.

'வெளியிட்டால் திருடனுக்கு வசதியாகிவிடும்' என்பது இதற்கு வழக்கமான பதில். பூட்டை நினைத்துப் பாருங்கள். நல்ல திண்டுக்கல் பூட்டைக் கழற்றி உள்ளே பார்த்தவனாலும் உங்கள் வீட்டுப் பூட்டைத் திறக்க முடியாது, சாவி உங்களிடம் இருக்கும்வரை. அமைப்பு தெரிந்தாலே திறந்துகொள்ளும் பூட்டு மோசமான பூட்டு. பாதுகாப்புத் துறையில் இது நூறு வருடத்துக்கு மேல் பழகிய பாடம்.

திறந்து வைப்பதால் என்ன பயன் என்பதற்கு 2019இல் சுவிட்சர்லாந்து ஒரு உதாரணம் தந்தது. அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் தன் இணையவழி வாக்குப்பதிவு முறையின் மூலநிரலை வெளியிட்டு, குறை கண்டுபிடித்தால் பரிசு என்று அறிவித்தது. சில வாரங்களில் வெளியாட்கள் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டார்கள். வாக்குகளை மாற்றிவிட்டு, எதுவும் மாறவில்லை என்பதற்குக் கணிதச் சான்றையும் போலியாகத் தர முடியும் என்று காட்டினார்கள். அந்த முறை நிறுத்தப்பட்டது. திருத்தி எழுதிய பிறகு 2023இல்தான் சில மாநிலங்களில் மறுபடி வந்தது. பூட்டியே வைத்திருந்தால் அந்த ஓட்டை எத்தனை தேர்தல் தாண்டியிருக்குமோ.

அதனால் என் கட்சி 'திற' என்பதுதான். ஆனால் திறந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

திறந்தாலும் தீராத சந்தேகம்

வெளியிட்ட செய்முறையில் அரைத்த மாவுதான் இந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? வலைத்தளத்தில் உள்ள நிரலும் என் சாவடிச் சிப்பில் உள்ள நிரலும் ஒன்றுதானா? அதைச் சோதிக்க ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியிலும் மென்பொருள் இருக்கும். அதை யார் சோதித்தார்கள்?

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருதுக்கான சொற்பொழிவில் இதைத்தான் சொன்னார். 1984இல் அச்சில் வந்தது. மூலநிரல் சுத்தமாக இருக்கலாம், அதை அரைக்கும் நிரலிலேயே விஷம் இருந்தால்? அரைக்கும் நிரலின் செய்முறைத் தாளிலும் அந்த விஷம் தெரியாதபடி செய்யலாம் என்று விளக்கினார். மாவைக் கெடுப்பது கிரைண்டர் என்றால் செய்முறைத் தாளை எத்தனை முறை படித்தாலும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூலநிரலைப் படிக்கத் தெரிந்தவர் நூற்றில் எத்தனை பேர்? 2005 ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் சில இடங்களில் வாக்குப்பதிவுக் கணினிகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒரு தந்தையும் மகனும் வழக்குப் போட்டார்கள். 2009 மார்ச் 3 அன்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மோசடி நடந்ததாக அது சொல்லவில்லை. வாக்கு எண்ணிக்கையின் முக்கியப் படிகளைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும், அது முடியாததால் அந்தக் கணினிகள் செல்லாது என்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நெதர்லாந்தில், அந்தக் கணினிகளைத் தயாரித்த அதே நிறுவனத்தின் கணினி ஒன்றை ஆர்வலர்கள் வாங்கிச் சதுரங்கம் ஆட வைத்துக் காட்டினார்கள். 'எண்ண மட்டுமே தெரிந்த பெட்டி' என்ற பேச்சு அதோடு போயிற்று. 2008இல் அந்நாடு காகிதத்துக்கே திரும்பியது.

நிரல் படிக்கத் தெரிந்த நிபுணர் வந்து 'சரியாக இருக்கிறது' என்று சொன்னாலும், நமக்கு நடப்பது ஒரு அதிகாரியை நம்புவதற்குப் பதில் ஒரு நிபுணரை நம்புவதுதான். அறிவியல் அப்படி நடப்பதில்லை. 'நான் செய்தது இது, சந்தேகம் இருந்தால் நீயே செய்து பார்' என்பதுதான் அங்கே வழக்கம்.

மென்பொருளை நம்பாத எண்ணிக்கை

இந்தச் சிக்கலுக்கு ரொனால்டு ரிவெஸ்ட் என்ற கணினியியலாளரும் ஜான் வாக் என்பவரும் 2006 வாக்கில் ஒரு அளவுகோல் தந்தார்கள். இணையத்தில் பெருவழக்கான ஆர்எஸ்ஏ பூட்டு முறையில் உள்ள 'ஆர்' இந்த ரிவெஸ்ட்தான். அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: மென்பொருளில் யாரும் அறியாமல் ஒரு தப்பு நேர்ந்தால், அது முடிவையும் யாரும் அறியாமல் மாற்றிவிடுமா? மாற்றிவிடும் என்றால் அந்த முறை ஆகாது.

நம் ஏழு நொடிச் சீட்டு இந்தச் சோதனையில் தேற வேண்டியது. சிப்பில் இருப்பது என்னவாக இருந்தாலும், நான் கண்ணால் பார்த்த காகிதம் பெட்டியில் இருக்கிறது. அதை எண்ண மூலநிரல் தெரிய வேண்டாம், கண் தெரிந்தால் போதும். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் சீட்டுதான் செல்லும் என்று விதியே சொல்கிறது. ஆக, நல்ல கருவி நம்மிடம் இருக்கிறது. எவ்வளவு எண்ணுகிறோம் என்பதில்தான் விஷயம்.

ஐந்து சாவடிக் கணக்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சோறு வெந்ததா என்று பார்க்க அது சரி. சோற்றில் கல் கிடக்கிறதா என்று பார்க்க ஒரு சோறு போதாது. எவ்வளவு கல் இருந்தால் பந்தி கெடும் என்பதைப் பொறுத்தே எத்தனை பிடி அள்ளிப் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

300 சாவடிகள் உள்ள ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்வோம். 150 சாவடிகளில் தவறு இருந்தால், குலுக்கி எடுக்கும் ஐந்தில் ஒன்றாவது அகப்பட 97 சதவீத வாய்ப்பு. 30 சாவடிகளில் என்றால் 41 சதவீதம். மூன்றே சாவடிகள் என்றால் 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

இதை வெற்றி வித்தியாசத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் 50,000 வாக்கில் ஜெயித்தார் என்றால், அந்த முடிவு பொய்யாக இருக்க 25,000 வாக்குகள் கை மாறியிருக்க வேண்டும். சாவடிக்கு 100 என்று மாற்றினாலும் 250 சாவடிகள் ஆகும். ஐந்தை எண்ணியும் அதில் ஒன்றுகூட அகப்படாமல் போக ஒன்பதாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். ஐந்து சாவடி தாராளமாகப் போதும்.

2021இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137. அங்கே தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். 69 வாக்கு இடம் மாறினால் முடிவு மாறும், அதற்கு ஒரே சாவடி போதும். அங்கும் 300 சாவடிகள் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சாவடி எடுத்த ஐந்துக்குள் வர அறுபதில் ஒரு வாய்ப்பு. 50,000 வித்தியாசத்துக்கும் ஐந்து, 137 வித்தியாசத்துக்கும் ஐந்து என்பதற்குக் கணக்கில் நியாயம் இல்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் வேறு வழியில் போகிறது. பிலிப் ஸ்டார்க் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறை அது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் சீட்டுகளை எடுத்துப் பார்க்கிறார்கள், சிறிதாக இருந்தால் அதிகம் எடுக்கிறார்கள். பொருந்தாதது தென்பட்டால் இன்னும் எடுக்கிறார்கள். தேவைப்பட்டால் முழுவதையும் கையால் எண்ணும்வரை போவார்கள். எதை எடுப்பது என்று முடிவு செய்ய, பத்து முகப் பகடைகளை மக்கள் முன்னால் உருட்டுகிறார்கள். வரும் எண்ணை யாரும் முன்கூட்டி அறிய முடியாது.

நம் எண்ணும் மையத்திலும் ஐந்து சாவடிகளைக் குலுக்கல் முறையில்தான் எடுக்கிறார்கள். சாவடி எண் எழுதிய அட்டைகளை மடித்து, குலுக்கி, முகவர்கள் முன் எடுக்கிறார்கள். இந்தக் காட்சிக்கு இங்கே வயது அதிகம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கிறது. குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையை எடுப்பவன் ஏதும் அறியாச் சிறுவனாக இருக்க வேண்டும். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏந்த வேண்டும். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமான சபை அது; அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் விரலை விரிக்கச் சொன்னவருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. மூடிய கையில் ஓலை மாறலாம் என்று ஒருவர் நினைக்க இடம் கொடுத்தாலே சபை கெட்டுவிடும்.

என்ன செய்யலாம்?

மறுபக்கத்து நியாயமும் சின்னதல்ல. காகித வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்தியதையும், செல்லாத வாக்குகள் குவிந்ததையும் பார்த்த நாடு இது. காகிதம் இருந்தால் சண்டை வராது என்றும் இல்லை. 2016இல் 49 வாக்கில் முடிந்த ராதாபுரம் தேர்தல், தபால் வாக்குகளை ஒதுக்கியது பற்றித்தான் நீதிமன்றம் போனது. நேரமும் ஆகும். பாதிச் சீட்டுகளை எண்ணினாலே முடிவு ஐந்தாறு நாள் தள்ளிப்போகும் என்று 2019இல் ஆணையம் சொன்னது.

ஆனால் எல்லாத் தொகுதியிலும் பாதியை எண்ணத் தேவையே இல்லை. பெரிய வித்தியாசம் வந்த இடங்களில் இப்போதைய ஐந்தோடு நிறுத்தலாம். மேலே சொன்ன 300 சாவடித் தொகுதியில் 5,000 வித்தியாசம் என்றால், சாவடிக்கு 100 வாக்கு என்ற அதே கணக்கில், 95 சதவீத உறுதிக்கு முப்பதுக்குச் சற்று மேற்பட்ட சாவடிகள் போதும். நூற்றுக்கணக்கில் முடிந்த தொகுதிகளில் மட்டும் முழுவதும் எண்ணலாம். பொதுவாக அவை சிலதான். கூடவே நிரலையும் வெளியிடலாம். அது பிழைகளைப் பிடிக்க உதவும். சந்தேகத்தைத் தீர்ப்பது சீட்டுதான்.

ஜெயித்தவருக்கு இதெல்லாம் தேவையில்லை, எந்தப் பெட்டி சொன்னாலும் நம்பிவிடுவார். எண்ணும் கூடத்தில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம், 137 வாக்கில் தோற்றவரின் முகவர் நிற்கிறார். அவர் கணினி படித்தவர் இல்லை. ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டினால் அவராலும் எண்ண முடியும். எண்ணி முடித்து, கோபத்தோடேனும் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனால், அந்தத் தேர்தல் முடிந்தது என்று பொருள்.