முட்டை அட்டை சத்தத்தை அடக்குமா?



காலிக் கிடங்கில் கை தட்டிப் பாருங்கள். சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் கணீரென்று திரும்பும். மூட்டைகளை உயர அடுக்கிய பிறகு தட்டுங்கள்; அடங்கிவிடும். ஒலிப்பதிவு அறையின் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்யும் பிள்ளைகள் இப்போது நம் கடைகளுக்கு வருகிறார்கள். "அண்ணாச்சி, பழைய முட்டை அட்டை இருக்கா? சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாதாம்" என்று கேட்கிறார்கள். சென்ற ஆண்டு வாடிக்கையாளர் ஒருவரின் மகனுக்கு நானும் இருநூறு அட்டை கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் தகப்பனார் வந்தார். "ஒட்டியும் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. விவரம் தெரியாமல் விற்றது என் பிழை. பிறகுதான் விசாரித்தேன்.

இங்கே வேலை இரண்டு. சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒன்று. அறைக்குள் எதிரொலியை அடக்குவது மற்றொன்று. முதலாவதற்குக் கனமான சுவரும், காற்றுப் புகாத கதவு சன்னலும் வேண்டும். கதவடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் போதும், அத்தனை செலவும் வீண். கனமில்லாத அட்டை இதற்கு உதவவே உதவாது.

இரண்டாவதற்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஒரு விரிவுரை அறையில் பேசிய சொல் ஐந்து விநாடிக்கு மேல் ஒலித்துக்கொண்டே இருந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அறை எவ்வளவு பெரியது, அதிலுள்ள பொருள்கள் எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்ற கணக்கு அப்படிப் பிறந்தது.

முட்டை அட்டை கீச்சுச் சத்தத்தை ஓரளவு உறிஞ்சும். பெரிய டிரம்மின் 'தொம்' என்ற ஓசையை விட்டுவிடும். அந்த ஓசையின் அலை இருபது அடிக்கு மேல் நீளமானது. மெல்லிய பொருளுக்கு அகப்படாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள அறையில் அது இன்னும் குமுறும்.

எனவே நான்கு அங்குலக் கனமுள்ள கல் கம்பளிப் பலகைகளை (ராக் வூல்) மரச்சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்தி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். முதலில் மூலைகளில், அடுத்து டிரம்ஸுக்கு நேர் மேலே கூரையில். எல்லாச் சுவரையும் மூடவும் கூடாது; ஓசை உயிரிழந்துவிடும். கைச் செலவு குறைவென்றால் மூலையில் பருத்தி மெத்தையைச் சாத்தலாம்; புத்தக அலமாரி வைத்தால் ஒலி சிதறும்.

மிக முக்கியமானது தீ. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003-இல் ஓர் இசை விடுதியில் வாணவேடிக்கைப் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் பற்றி 100 பேர் மாண்டனர். முட்டை அட்டையும் எளிதில் எரியும். மின் கம்பியும் ஒலிபெருக்கியும் உள்ள அறையில் அதைச் சுவர் முழுக்க ஒட்டுவது ஆபத்து. கல் கம்பளி எரியாது.

இப்போது யாராவது முட்டை அட்டை கேட்டால், எதற்கு என்று கேட்கிறேன். டிரம்ஸ் அறைக்கு என்றால் இந்த விவரத்தைச் சொல்லி அனுப்புகிறேன். அன்றைய வியாபாரம் சிறிது போகும். ஆள் திரும்ப வருவார். நீங்களும் அவ்வாறே செய்ய வேண்டுகிறேன்.