உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சுக்குழி வலி எல்லாம் ‘கேஸ்’ அல்ல!

நெஞ்சுக்குழியில் மந்தமாக வலித்தால் பலரும் உடனே சொல்வது ‘கேஸ்’. ஒரு சோடா குடித்து ஏப்பம் விட்டால் போய்விடும் என்ற நம்பிக்கை வேறு!

அங்கே இரைப்பை மட்டுமா இருக்கிறது? பித்தப்பைக் கல்லின் வலி வலது தோள்பட்டைவரை ஏறும். கணைய அழற்சி முதுகில் குத்தும். இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கலாம். கூடவே வியர்த்துக் கொட்டினால், மூச்சுத் திணறினால், சோடாவைத் தேடாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இதே இடத்தில் வலிக்கும் வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. அதற்கு ஒரு கிருமியே காரணம் என்று காட்ட, 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்துப் பார்த்தார். மனைவியிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை! சில நாள்களில் குமட்டல், வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி. 2005-இல் அவருக்கும் சக ஆய்வாளர் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு.