கரிசல் மழையும் பாலர் ஸங்கீதமும்

1936-ஆம் வருஷத்தில் ருஷிய ஸங்கீத வித்வான் புரோகோபீவ் பாலர்களுக்கென்று 'பீட்டரும் ஓநாயும்' என்ற கதையை வாத்திய கோஷ்டிக்கு அமைத்தார். அதில் பறவை வரும்போது புல்லாங்குழலும், பூனை வரும்போது கிளாரினெட்டும், ஓநாய் வரும்போது கொம்பு வாத்தியங்களும் ஒலிக்கும். 1946-இல் அமெரிக்காவில் டிஸ்னி நிலையத்தார் அதனை அசையும் சித்திரப் படமாக வெளியிட்டனர். வாத்தியத்தின் பெயரறியாச் சிறுவனும் அதன் குரலை இனங்காணுதற்கு இஃதோர் எளிய மார்க்கமாயிற்று.

அந்நியர் தம் ஸங்கீதத்திற்குச் செய்ததை நாம் நமது ஸங்கீதத்திற்கு ஏன் செய்யலாகாது? கதைக்குப் பஞ்சமா? கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள எட்டயபுரத்தில்தான் 1835-இல் முத்துஸ்வாமி தீக்ஷிதர் தேகவியோகமானார்; அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது. அவ்வூருக்கு வரும் வழியில், வானம் பொய்த்து வெடித்துக் கிடந்த கரிசலைக் கண்டு மனமிரங்கி அவர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினாரென்றும், உடனே மழை கொட்டிற்றென்றும் கர்ணபரம்பரை கூறும்.

மழை பெய்தது மெய்தானா என்று விவகரிப்போர் விவகரிக்கட்டும். மேகத்தை அண்ணாந்து பார்த்துப் பருத்தியும் கம்பும் விதைக்கும் குடியானவனின் பிள்ளைக்கு, பாட்டினால் மழை வாராது என்பது நம்மினும் நன்றாய்த் தெரியும். ஆயின் மழைக்கு ஏங்கும் மனம் எத்தகையது என்பதும் அப்பிள்ளைக்கே தெரியும். பட்டணத்துச் சபை ரஸிகரினும் அந்த ராகத்தைக் கேட்க உரிமையுடையது அப்பிள்ளையே யாகும். அவ்வுரிமை இதுகாறும் அதற்குக் கிட்டவில்லை என்பதே நமது குறை.

ரிஷபமும் தைவதமும் இல்லாத அவ்விராகத்திற்கு ஐந்தே ஸ்வரங்கள். ஸ்வரத்திற்கொரு மேகமாக ஐந்து மேகங்களைத் திரையில் ஏறவும் இறங்கவும் விட்டால், ஆரோகண அவரோகணம் தானே நாவிற் படியும்.

சித்திரப் படம் மேனாட்டுச் சரக்கு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். தீக்ஷிதர் முகஞ்சுளித்தாரில்லை. ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்து அவர் செய்த நோட்டுஸ்வரங்கள் இன்றும் பாலபாடமாக விளங்குகின்றன. பிறர் மெட்டைத் தமதாக்கிய அம்மகானின் கதையை, பிறர் கண்ட கருவியால் நாம் சொல்வதில் இழிவேது?

நாகஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்ததும் கோவில்பட்டியிலேயே. அவர் 1964-இல் மறைந்தார். அவர் ஊர்ப் பிள்ளைகள் கைப்பேசியில் அந்நிய நாட்டுப் பூனையும் எலியும் ஓடும் படங்களைப் பார்த்து வளர்கிறார்கள். அது அவர்கள் குற்றமன்று. வேறொன்றை நாம் அவர்களுக்குத் தந்தோமில்லை.

ஆகவே, ஸங்கீத சபைகள் வருஷத்தில் ஒரு கச்சேரியின் செலவையேனும் ஒதுக்கி, சித்திரக்காரரையும் வித்வானையும் ஒருங்கே அமர்த்தி, முதற்படத்தைக் கரிசற் கிராமத்துப் பள்ளியொன்றில் காட்டுமாறு வேண்டுகிறோம். மேகம் திரண்டு நிற்கிறது. பெய்விக்க வேண்டுவது நம் கடன்.