பழைய மோட்டாரின் காபுரேற்றர்

பெற்றோலையும் காற்றையும் தக்க அளவிற் கலந்து எந்திரத்திற்கு ஊட்டும் உறுப்பே காபுரேற்றர் ஆகும். பழைய மோட்டார் வாங்குவோர் மேற்பூச்சைக் கண்டு மகிழ்ந்து இதனை நோக்காது விடுவர். யானும் ஒருமுறை அவ்வாறு ஏமாந்தவன்.

ஈழத்து வீதிகளில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர் வண்டிகளுக்குரியது எஸ்.யூ. காபுரேற்றர். அதனை ஆக்கிய ஸ்கின்னர் சகோதரர் பாதரட்சை வணிகக் குடும்பத்தினர். முதலில் அதன் அசையும் பகுதி தோற்றுருத்தியாய் இருந்தமை அவ்வுறவினாற் போலும்! 1926ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மொறிஸின் கைக்கு வந்தது.

பிறப்பை அறிதற்கு, மேற்கவசத்தின் திருகாணியிற் கோக்கப்பட்ட சிறு தகட்டைப் பார்த்தல் வேண்டும். எவ்வண்டிக்கென அமைந்தது என்பதை அதன் எண் கூறும். தகடு தொலைந்திருப்பின் காற்றுத்துளையை அளக்க. எச்2 ஒன்றேகால் அங்குலம்; எச்4 ஒன்றரை அங்குலம். எழுத்தை அடுத்த எண், ஓரங்குலத்திற்கு மேலுள்ள அரைக்காற் கூறுகளைக் குறிப்பது. ஊசியின் தடித்த தலைப்பிலும் எழுத்துக்கள் உள. வேற்று வண்டியின் ஊசியும் உள்ளே பொருந்தும், கலவைதான் பிழைக்கும்.

தரமோ வேறு. காற்றிதழின் அச்சை அசைத்துப் பார்க்க. ஆட்டமிருப்பின் அவ்வழியே காற்றுப் புகுந்து, வண்டி நிற்கையில் எந்திரம் தள்ளாடும். பின்னர் எண்ணெய்த் தண்டைக் கழற்றிவிட்டுப் பிஸ்ரனை உயர்த்தி விடுக. 'டக்' என வீழ்ந்தால் நன்று. தயங்கி இறங்கின், ஊசி துளையில் உராய்கின்றது, அல்லது பிஸ்ரன் கவசத்திற் சிக்குகின்றது. பிஸ்ரனும் கவசமும் இணையாகப் பொருத்தப்பட்டவை. ஒன்றினதை மற்றொன்றிற் பூட்டுதல் ஆகாது. யான் வாங்கியதிலோ, மினுக்கிய கவசமும் அதிலிருந்த தகடும் ஒரு வண்டியின, பிஸ்ரன் வேறொன்றினது.