மலைச் சரிவில் உயிர் காத்தல்: தோட்டச் சங்கங்களும் அரசாங்க சேவைகளும்

மழை பயிருக்கு உயிர். ஆனால், மலைச் சரிவில் குடியிருப்போருக்கு அதே மழை சில வேளைகளில் யமனாகவும் வந்து சேர்கின்றது. பதுளை மாவட்டத்தின் பசறை, லுணுகலை, பண்டாரவளை, அல்துமுல்லை ஆகிய பகுதிகளில் வாழும் தோட்ட மக்கள் இதனை நன்கு அறிவர். ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்குகின்றது. அதனைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவ மழை ஜனவரி வரை நீடிக்கின்றது. ஊவா மலைகளின் மண் நீரால் நிரம்பிக் கனத்து நிற்கும் காலம் இதுவே. மண் சரிவை எண்ணி அஞ்ச வேண்டிய காலமும் இதுவே.

இவ்வபாயத்தை அரசாங்க உத்தியோகத்தர் மட்டும் தடுத்துவிட இயலாது. தோட்டத்துச் சங்கங்கள் மட்டும் தடுத்துவிடவும் இயலாது. இருசாராரும் சேர்ந்து செய்ய வேண்டியவை யாவை என்பதை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

மீரியபெத்தை தரும் பாடம்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி, தீபாவளி கழிந்து ஒரு வாரம் சென்றிருந்தது. அன்று காலை கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பலர் மண்ணுள் புதையுண்டு மாண்டனர். சிலருடைய உடல்கள் இறுதிவரை கிடைக்கவேயில்லை. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். ஆனால் அவர்களுட் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, வரவேற்கப் பெற்றோரும் இல்லை.

அவ்விடம் அபாயமானது என்பது எவருக்கும் தெரியாத செய்தியன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண் சரிவு அபாய வலயங்களைப் படமாக வரையும் பணியை 1990ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. மீரியபெத்தை குடியிருப்புக்கு ஏற்றதன்று என்று 2005ஆம் ஆண்டிலும், பின்னர் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை செய்யப்பட்டது. எனினும், லயத்தில் வாழும் தொழிலாளிக்குச் சொந்த நிலம் இல்லை. எழுந்து போ என்றால் எங்கே போவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மக்கள் மலையடியில் இருந்தனர்.

உயிர் தப்பியோர் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் தங்கினர். மாகல்தெனியவில் அவர்களுக்கென அமைக்கப்பட்ட 75 வீடுகள் 2016ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே கையளிக்கப்பட்டன. உயிர்கள் போன பின் கிடைத்த நிலம் அதற்கு முன்னரே கிடைத்திருக்க வேண்டும் என்பதை எவரும் மறுக்கார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கிய போது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளை மாவட்டத்தின் பல பாகங்களிலும் மலைகள் சரிந்தன. ஆகவே மீரியபெத்தையின் பாடம் ஒரு தோட்டத்தோடு முடிந்து போனதன்று.

சங்கத்தின் இடாப்பு

ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. மாதந்தோறும் சந்தா சேர்த்து, ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அக்குடும்பத்துக்கு உதவுவது அதன் பணி. எந்தக் காம்பராவில் எத்தனை பேர், யார் முதியவர், யார் தனித்திருப்பவர் என்பதைச் சங்கக் காரியதரிசி அறிவார். கூடாரம், கதிரை, பெரிய சமையற் பாத்திரம் ஆகியவையும் சங்கத்திடம் இருக்கும். கோயிற் கமிட்டி, மாதர் சங்கம், வாலிபர் சங்கம் ஆகியனவும் இவ்வாறே மக்களை நெருங்கி அறிந்தவை.

இறந்தவருக்காக எழுதப்பட்ட இந்த இடாப்பு உயிரோடிருப்பவரைக் காக்கவும் உதவும். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு படி எழுதி, கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர், பிள்ளைக் காம்பராவில் விடப்படும் குழந்தைகள் ஆகியோரின் பெயர்களைத் தனியே குறித்து, ஒரு படியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இரவில் யாரை யார் தட்டி எழுப்புவது, யாரை யார் தூக்கிச் செல்வது என்பவற்றையும் முன்னரே நியமித்துவிடல் நன்று.

மழையை அளத்தல்

மண் சரிவு எச்சரிக்கை மூன்று நிலைகளில் விடுக்கப்படுகின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 3 அங்குலத்துக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தாலும், ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும், தாமதியாது வெளியேறுதல் வேண்டும்.

தேயிலைத் தோட்டக் காரியாலயங்களில் மழையளந்து பதியும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவ்வளவைக் கொழுந்தின் கணக்குக்கு மட்டுமன்றி, லயத்தின் பாதுகாப்புக்கும் பயன்படுத்தலாம். மழை நாட்களில் அதனை எழுதிப் பிரட்டுக்களத்தில் எல்லோரும் காணத் தொங்கவிடுமாறு துரைமாரைச் சங்கங்கள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். எட்டத்திலுள்ள லயத்தார், அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரமொன்றை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து, நின்ற நீரின் ஆழத்தை அடிக்கோலால் அளந்து கொள்ளலாம். நுட்பமான கருவிக்கு இது ஈடாகாது எனினும், அபாயத்தை உணர்த்தப் போதுமானது.

மண் காட்டும் அடையாளங்கள்

மலையை நாள்தோறும் அடிக்கு அடி மிதித்து அறிந்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களே. ஆகையால் பின்வரும் அடையாளங்கள் முதலில் அவர்கள் கண்ணிலேயே படும்:

1. நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றுதல், அல்லது பழைய வெடிப்பு அகலுதல்.
2. மரங்களும் கம்பங்களும் சாய்தல்.
3. சுவரில் கீறல் விழுதல். கதவு, யன்னல் இறுகிக் கொள்ளுதல்.
4. இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல். பீலியில் வரும் நீர் சேறாகுதல், அல்லது திடீரென நின்று போதல்.

இவற்றில் எதனைக் கண்டாலும் மாதர் சங்கத் தலைவிக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அன்றே அறிவிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். சொன்னவரைப் பயந்தவர் என்று எவரும் ஏளனம் செய்யலாகாது.

கானும் செடியும்

மலைநீர் தங்கி நின்றால் மண் கனக்கும். ஆகையால் செப்டெம்பர் மாதம் முடியுமுன், லயத்தின் மேற்புறத்துக் கான்களைச் சிரமதானத்தால் துப்புரவாக்குதல் வேண்டும். மரக்கறித் தோட்டத்துக்கெனவோ, காம்பராவைப் பெருப்பிக்கவெனவோ மலையின் அடியை வெட்டுதல் கூடாது. அடி வெட்டிய மலை தாங்கலை இழக்கின்றது. வெறும் வரம்புகளில் வெட்டிவேர் போன்ற ஆழ்ந்த வேருள்ள புற்களை நடலாம். இவை மேல்மண்ணைக் காக்குமேயன்றி, ஆழத்திலிருந்து நழுவும் மலையைத் தடுத்து நிறுத்தா. செடி நட்டோம் என்று எச்சரிக்கையை அசட்டை செய்தல் பெருந்தவறு.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை

சங்கத்தால் ஆகாதவையும் உள. நிலம் கொடுத்தல், வீடு கட்டுதல், பாதை அமைத்தல் ஆகியன அரசாங்கமும் தோட்ட நிருவாகமும் செய்ய வேண்டியவை. முன்னாளில் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தால் அவ்வழி திறக்கப்பட்டது. ஆதலால் கான், பாலம், பாதை ஆகியவற்றுக்காகச் சபைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தல் இப்போது பயனற்ற செயலன்று.

மூன்று விஷயங்களை மழைக்கு முன்னரே பிரதேச செயலகத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ளல் வேண்டும். ஒன்று, எமது லயம் அபாய வலயத்துள் உள்ளதா என்பது. இரண்டு, வெளியேறினால் எந்தப் பாடசாலை அல்லது மண்டபம் திறக்கப்படும், அதன் சாவி யாரிடம் உள்ளது என்பது. மூன்று, எச்சரிக்கை தமிழில், யார் வழியாக எமக்கு எட்டும் என்பது. அதனுடன், எச்சரிக்கையால் வேலைக்குச் செல்லாத நாளில் பெயர் விழுமா என்பதைத் தோட்ட நிருவாகத்திடம் பேசித் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். நாட்சம்பளம் போய்விடும் என்ற அச்சத்தால் அபாயத்தில் தங்கும் குடும்பங்கள் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை.

மழை நாளில்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, சேமலாப நிதிக் கடதாசிகள், அடகுச் சீட்டு ஆகியவற்றை ஒரே பொலித்தீன் பையில் இட்டு வாசலருகே வையுங்கள். அறிவித்தல் வந்ததும் கோயில் மணியைத் தொடர்ந்து அடித்து அறிவியுங்கள். கான், ஓடை வழியே செல்லாது, குறித்த பாதையில் சென்று சேருங்கள். அங்கே இடாப்பைப் படித்து ஒவ்வொருவராக எண்ணுங்கள். உத்தியோகத்தர் அனுமதிக்கும் வரை ஆடு மாட்டுக்காகவோ அரிசிக்காகவோ எவரும் திரும்பிச் செல்ல வேண்டாம்.

இரவெல்லாம் காத்திருந்து மலை சரியாது விடின், வீணாக அலைந்தோம் என்று சிலர் முணுமுணுப்பர். அவ்வாறு நூறு இரவு அலைந்தாலும் நட்டமில்லை. மறுநாட் காலை இடாப்பில் உள்ள பெயர்கள் யாவும் குரல் கொடுக்குமாயின், சங்கமும் உத்தியோகத்தரும் தத்தம் கடமையைச் செய்தவராவர்.